செல்போன் காட்டும் வானம்: வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், வானத்தோடு பழகத் தொடங்குகிறவர்களுக்குச் செல்போன் செயலிகள் உதவும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை, மனம் நிறைந்துவிட்டது. தர்மபுரி மாவட்டத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் பள்ளி மைதானத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு வானம் பார்த்தவள் நான். இன்றும் விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மகன் ஒரு செயலியைச் சொல்கிறான், மகள் வேறொன்றைச் சொல்கிறாள். எதை வைத்துக்கொள்வது? காசு கட்ட வேண்டுமா? எங்கள் தோட்டத்தில் சிக்னலே கிடைக்காது. அங்கே வேலை செய்யுமா?
- வாசகி, விழுப்புரம்

காசு கட்டவே வேண்டாம். நான் பரிந்துரைப்பவை இரண்டு. ஒன்று ஸ்கை மேப். 2009இல் கூகுள் பொறியாளர்கள் உருவாக்கியது. 2012இல் அதன் நிரல் பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பழைய, சிறிய போனிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். இன்னொன்று ஸ்டெல்லேரியம். ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. கணினியில் போடும் பதிப்பு முழுக்க முழுக்க இலவசம். செல்போனுக்கு இலவசப் பதிப்பும் உண்டு, கட்டணப் பதிப்பும் உண்டு. வெறும் கண்ணால் பார்ப்பவர்களுக்கு இலவசப் பதிப்பே தாராளம். வானம் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் ஸ்டெல்லேரியம், எளிமை போதும் என்றால் ஸ்கை மேப். இரண்டையும் போட்டு மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். ஒன்றில் கை பழகட்டும்.

சிக்னல் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. செயலி வானத்தைப் பார்ப்பதில்லை! பலர் போனின் கேமரா நட்சத்திரங்களை அடையாளம் காண்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. நீங்கள் நிற்கும் இடம், அந்த நேரம், போன் எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் வைத்து, அந்தத் திசையில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நட்சத்திரங்களின் பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவதால் அதற்கும் இணையம் தேவையில்லை. இடத்தைக் கையால் குறிக்கவும் வழி உண்டு. ஆகவே தோட்டத்தில் தாராளமாக வேலை செய்யும். கணக்குதான் என்பதால்தான் பகலிலும், மழை மேகத்திலும், கூரைக்கு அடியிலும் அது நட்சத்திரங்களைக் காட்டுகிறது. போனைத் தரையை நோக்கிப் பிடித்தால் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நட்சத்திரங்களையும் காட்டும்.

என் மைதானத்தில் ஒரு கட்டளை உண்டு. முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். கண்ணைக் கவர்ந்த ஒன்றை விரலால் சுட்டி, அது என்னவாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் போனை எடுக்கலாம். பெயரைப் பார்த்துவிட்டு வானத்தில் தேடுகிற பிள்ளைக்கு மறுநாள் அது மறந்துபோகிறது. தானே கண்டுபிடித்துவிட்டுப் பெயர் கேட்கிற பிள்ளைக்கு மறப்பதே இல்லை. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

செயலியில் வியாழன் எங்கள் கிணற்றுக்கு மேலே இருப்பதாகக் காட்டுகிறது. பளிச்சென்ற அந்த ஒளியோ தென்னை மரத்துக்கு மேலே இருக்கிறது. செயலி தவறா, நான் பார்ப்பது வியாழன் இல்லையா?
- விவசாயி, கரூர் மாவட்டம்

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வியாழன்தான் ஐயா. திசைதான் பிசகியிருக்கிறது.

போனுக்குள் மூன்று சென்சார்கள் இதற்காக உழைக்கின்றன. முடுக்கத்தை அளப்பது ஒன்று. எது கீழ் என்று அது சொல்கிறது. சுழற்சியை அளப்பது ஒன்று. நீங்கள் போனைத் திருப்பும்போது படம் வழுக்கிக்கொண்டு போவது அதனால். மூன்றாவது, காந்தத்தை உணரும் திசைகாட்டி. வடக்கு எது என்று சொல்வது இதுதான். எளிதில் ஏமாறுவதும் இதுதான். விலை குறைந்த சில போன்களில் சுழற்சி சென்சார் இருக்காது, படம் குதித்துக் குதித்து நகரும். திசைகாட்டியே இல்லாத போன்களும் உண்டு. அவற்றில் விரலால் தள்ளித்தான் பார்க்க வேண்டும், அதிலும் கற்றுக்கொள்ளலாம்.

கிணற்றடியில் மோட்டார் இருக்கும், இரும்புக் குழாய் இருக்கும். டிராக்டர், மோட்டார் சைக்கிள், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஏன், மூடியில் காந்தம் வைத்த போன் உறை கூடப் போதும் அந்த முள்ளைத் திருப்ப. உறையைக் கழற்றிவிட்டு, களத்து மேட்டுக்கோ வரப்புக்கோ போய், போனைக் காற்றில் எட்டு எழுதுவதுபோல் நாலைந்து முறை சுழற்றுங்கள். திசைகாட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

அதன் பிறகும் கொஞ்சம் விலகினால் கவலைப்பட வேண்டாம். நிலாவையோ, சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு நட்சத்திரத்தையோ பாருங்கள். செயலியில் அது எத்தனை கை விலகி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எல்லாமே அதே பக்கம் ஏறக்குறைய அதே அளவு விலகியிருக்கும். கையால் அளப்பது எளிது. கையை நன்றாக நீட்டினால் சுண்டு விரலின் அகலம் ஒரு டிகிரி, மூடிய முஷ்டி பத்து டிகிரி, ஒரு சாண் இருபது டிகிரிக்கு மேல். முழு நிலாவின் அகலம் அரை டிகிரிதான். சிறு பிள்ளைக்குக் கை சிறியது, ஆனால் நீட்டும் தூரமும் குறைவு, அதனால் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். காந்த முள் காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் உலகின் பல இடங்களில் பத்துப் பதினைந்து டிகிரி வேறுபடும். தமிழ்நாட்டில் அந்த வேறுபாடு ஓரிரு டிகிரிதான். பூமியின் காந்த நடுக்கோடும் நம் தென்கோடிக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவத் தொடங்கியதற்கு அதுவே காரணம். காந்தக் கோடுகள் இங்கே தரைக்கு ஏறத்தாழக் கிடையாக இருப்பதால் திசைகாட்டிக்கு வேலை செய்ய ஏற்ற நாடு நம்முடையது.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். அப்பாவின் போனில் ஆண்ட்ரோமெடா காலக்சி ஊதா நிறத்தில் சுழல் சுழலாகத் தெரிகிறது. வெளியே போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஏன்?
- மாணவர், தேனி மாவட்டம்

தம்பி, நீ வெளியே போய்ப் பார்த்தாயே, அதற்கே உன்னைப் பாராட்டுகிறேன்.

செயலியில் இருப்பது புகைப்படம். பெரிய தொலைநோக்கியில் கேமராவை நெடுநேரம் திறந்துவைத்து, ஒளியைச் சேர்த்துச் சேர்த்து எடுத்தது. நம் கண்ணால் அப்படிச் சேமிக்க முடியாது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறமும் தெரியாது, ஏனென்றால் இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஆனால் நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் பெருங்கூட்டமான ஆண்ட்ரோமெடா உன் ஊரில் வெறும் கண்ணுக்கு உறுதியாகத் தெரியும். சிறிய வெண்புகைத் திட்டாகத் தெரியும். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வெறும் கண்ணால் மனிதர்கள் எளிதாகப் பார்க்கக்கூடிய பொருள்களில் மிகத் தொலைவில் இருப்பது அதுதான். அந்தத் திட்டு உன் கண்ணில் படும் நிமிடத்துக்காகக் கொஞ்சம் பாடுபடலாம்.

நவம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு, நிலா இல்லாத நாளில், தெருவிளக்கு தெரியாத இடத்துக்கு அப்பாவோடு போ. முதல் இருபது முப்பது நிமிடம் எதையும் தேடாதே, சும்மா இரு. கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் யாராவது போனை முழு வெளிச்சத்தில் திறந்தால் பழகியதெல்லாம் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்காகத்தான் பெரும்பாலான செயலிகளில் இரவு முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். திரை முழுவதும் சிவப்பாகிவிடும். குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. அப்படியும் திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துவிடு. வாட்ஸ்அப் செய்தி வந்து வெள்ளையாக மின்னாமல் இருக்க, விமானப் பயன்முறையில் போடு. டார்ச் வேண்டும் என்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள். எங்கள் மைதானத்தில் எல்லா டார்ச்சும் சிவப்பு முகமூடியோடுதான் வரும்.

இப்போது தலைக்கு மேலே பார். நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் வடக்கு மூலையிலிருந்து வடகிழக்கே ஒரு நட்சத்திர வரிசை நீளும். அதில் மூலையை விட்டு இரண்டாவதாக இருக்கும் நட்சத்திரத்தில் நின்று, வடமேற்காக இன்னொரு மங்கலான நட்சத்திரத்தைத் தாண்டினால் அந்தத் திட்டு. நேராக முறைத்துப் பார்க்காதே, கொஞ்சம் தள்ளிப் பார். கண்ணின் ஓரத்தில் குச்சி செல்கள் அதிகம். அங்கே பட்டால்தான் தெரியும்.

இன்னொன்று. செயலியின் அமைப்புகளில், எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை காட்ட வேண்டும் என்று குறைக்க வழி இருக்கும். ஸ்டெல்லேரியத்தில் ஊர் வெளிச்சத்தின் அளவையே வைக்கலாம். உன் கண்ணுக்குத் தெரியும் வானமும் திரையில் தெரியும் வானமும் ஒன்றுபோல் ஆகும் வரை குறை. தொடங்குகிற பலர் மனம் சோர்வது திரையில் ஆயிரமும் வானத்தில் ஐம்பதுமாகத் தெரிவதால்தான்.

தினசரி காலண்டரில் நிலா துலாம் ராசி, சுவாதி நட்சத்திரம் என்று போட்டிருந்தது. செயலியில் பார்த்தால் நிலா கன்னியில் நிற்கிறது. எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. பஞ்சாங்கம் பொய்யா, செயலி பொய்யா?
- வாசகர், கும்பகோணம்

இந்தக் கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காலண்டரும் செயலியும் சேர்ந்தால் கிடைக்கும் பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

இரண்டும் பொய் இல்லை. நிலா ஒரே இடத்தில்தான் நிற்கிறது. வயலை அளந்து வரப்புப் போட்டவர்கள் இரண்டு பேர். பஞ்சாங்கம் சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டு சம பங்காக, ஒவ்வொன்றும் 30 டிகிரியாகப் பிரிக்கிறது. அதே பாதையை 27 சம பங்காகவும் பிரிக்கிறது. ஒரு நட்சத்திரத்துக்கு 13 டிகிரி 20 கலை (60 கலை ஒரு டிகிரி). செயலியோ சர்வதேச வானியல் சங்கம் ஏற்றுக்கொண்ட 88 விண்மீன் குழுக்களின் எல்லைகளைக் காட்டுகிறது. 1930இல் வெளியான அந்த எல்லைகள் சமமானவை அல்ல. கன்னி மிகப் பெரியது, அதைக் கடக்கச் சூரியனுக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. விருச்சிகத்தை ஒரே வாரத்தில் கடந்துவிடுகிறது. அதன் பிறகு, ராசிப் பட்டியலில் இல்லாத ஒஃபியுக்கஸ் என்ற குழுவில் பதினெட்டு நாள் நிற்கிறது. சூரியன் ஒஃபியுக்கஸில் இருப்பதாகச் செயலி காட்டினால் பதற வேண்டாம்.

உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு வருகிறேன். சித்திரை நட்சத்திரத்தை மேல்நாட்டார் ஸ்பைக்கா என்பார்கள். இந்திய அரசு 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு வகுத்த கணக்கில், சித்திரை நட்சத்திரம் இருக்கும் இடமே கன்னி முடிந்து துலாம் தொடங்கும் எல்லை. செயலியின் கன்னியோ சித்திரையைத் தாண்டி இன்னும் கிழக்கே பல டிகிரி நீண்டுகிடக்கிறது. சித்திரையைக் கடந்த நிலா பஞ்சாங்கத்துக்குத் துலாமில், செயலிக்கு இன்னமும் கன்னியில். அவ்வளவுதான். வீட்டில் இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி.

பஞ்சாங்கங்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 29.3.2025, வாக்கியப் பஞ்சாங்கப்படி 6.3.2026. ஏறத்தாழ ஓர் ஆண்டு இடைவெளி. வாக்கியம் பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிக்கிறது, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றுகிறது. பலன் பார்ப்பது என் துறை அல்ல. சனி வானத்தில் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் செயலி துணை செய்யும்.

இப்போது நான் மிகவும் விரும்பும் பயிற்சியைச் சொல்கிறேன். காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அன்றைய நட்சத்திரத்தைப் பாருங்கள். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்று இருந்தால் அன்றிரவு நிலாவைத் தவறவிடாதீர்கள். இந்த நான்கின் முதன்மை விண்மீன்களும் நிலாவின் பாதையை ஒட்டியே இருக்கின்றன. ரோகிணி அன்று நிலாவுக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்மீன் இருக்கும், அதுவே ரோகிணி. கேட்டை அன்று சிவந்த ஒன்று இருக்கும். செயலியைத் திறந்து சரிபாருங்கள். மறுநாள் நிலா கிழக்கே 13 டிகிரி, அதாவது கையை நீட்டினால் ஒரு முஷ்டிக்கும் சற்று அதிகமாக நகர்ந்து அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிருக்கும். காலண்டர் சொல்லும் வரிசை அப்படியே வானத்தில் நடப்பதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

எல்லா நட்சத்திரமும் இப்படி அருகில் வராது. சுவாதியின் விண்மீன் நிலாவின் பாதைக்கு வடக்கே 30 டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது. திருவோணமும் ஏறத்தாழ அவ்வளவு தள்ளியே. திருவாதிரை தெற்கே 16 டிகிரி. அந்த நாட்களில் நிலா அந்த விண்மீன் இருக்கும் பங்குக்கு நேராகத்தான் வருகிறது, பக்கத்தில் வருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நம் திருவிழாக்களே ஒரு வான வரைபடம். கார்த்திகை தீபத்தன்று முழு நிலா கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டி நிற்கும். மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என்று முழு நிலா மாதம் ஒரு நட்சத்திரமாக வானத்தைச் சுற்றி வருகிறது. செயலியில் தேதியை மாற்றும் வசதி இருக்கிறது. ஓர் ஆண்டின் இந்த நாட்களை ஒவ்வொன்றாக வைத்து நிலாவைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களுக்குத் தேதி தெரியும், உங்களுக்குச் செயலி தெரியும். என் தந்தை இரவில் முறைத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்வார். கடிகாரத்தோடு ஒப்பிட்டு நான் வியந்ததில்தான் எனக்கு இந்த ஆர்வமே பிறந்தது.

புத்தகங்களில் ஓரியன் வேட்டைக்காரன் நிமிர்ந்து நிற்கிறான். எங்கள் ஊரில் கிழக்கே எழும்போது படுத்திருக்கிறான். செயலியிலும் அப்படியே. உச்சிக்கு வந்ததும் செயலி தலைகீழாகச் சுழல்கிறது. என்ன செய்வது?
- கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு வரைந்தவை. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவதாகக் கொள்ளும் வான நடுக்கோடு ஓரியனின் இடுப்பை ஒட்டிப் போகிறது. நாம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவன் வடக்கே தலை, தெற்கே கால் என்று படுத்தபடி எழுந்து, ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே வருகிறான். கோவையில் அவன் இடைவார் 78 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டனில் அதில் பாதியைத்தான் எட்டும்.

உச்சியில் செயலி தடுமாறுவது சென்சாரின் குணம். நேர் மேலே பிடித்தால் எது முன், எது பின் என்று அதற்குக் குழப்பம் வரும். மொட்டை மாடியில் பாய் விரித்து, வடக்கே தலை வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று பாட்டி சொன்னால், தூங்குவதற்கு இல்லை என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். இப்போது தெற்கு உங்கள் காலடியில், கிழக்கு இடக் கைப் பக்கம். சென்சாரை நிறுத்திவிட்டு, திரையில் தெற்கு கீழே வரும்படி விரலால் நகர்த்தி வைத்தால் திரையும் வானமும் பொருந்தும்.

நம் ஊர் அட்சரேகையைக் குறையாக எண்ணாதீர்கள், இது பெரிய கொடை. வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான அகத்தியர் விண்மீன் பிப்ரவரி முதல் பாதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே நன்றாக உயர்ந்து நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது எழுவதே இல்லை. மே நடுவில் அதே நேரத்தில் தெற்கு அடிவானத்துக்கு மேலே திரிசங்கு என்னும் தென்சிலுவை நிற்கும். துருவ விண்மீனும் நமக்குத் தெரியும், ஆனால் தாழ்வாக. அதன் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகையே. சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. மாடிச் சுவர் மறைத்தால் தெரியாது.

மாலையில் ஒளிப்புள்ளிகள் ரயில்போல வரிசையாகப் போயின. செயலியில் எதுவும் இல்லை.
- வாசகி, நாகர்கோவில்

அவை பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் அறுபதை ஏவினார்கள், அதன் பிறகு அடிக்கடி கூட்டமாக ஏவுகிறார்கள். ஏவிய சில நாட்கள் வரை வரிசையாகத் தெரியும், பிறகு பிரிந்து உயரே போய்விடும். செயற்கைக்கோளின் பாதை அடிக்கடி மாறுவதால் செயலி இணையத்திலிருந்து புதிய தகவலை எடுத்துக்கொண்டால்தான் காட்ட முடியும். வால்மீன்களுக்கும் இதுவே விதி. 2024 அக்டோபரில் மாலை வானில் தெரிந்த சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனைத் தேடியவர்களில் பலர், செயலியைப் புதுப்பிக்காததால் அதன் பெயரைக் காணாமல் தவித்தார்கள். வெளியே கிளம்பும் முன் வீட்டிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

செயற்கைக்கோள்களுக்கென்றே ஹெவன்ஸ் அபவ் என்ற செயலி இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேல் எப்போது, எந்தத் திசையில் வரும் என்று நிமிடக் கணக்கில் சொல்லும். சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 27,600 கி.மீ. வேகத்தில் அது போகிறது. நடுவானில் சட்டென்று மறைந்தால் பயப்பட வேண்டாம். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது.

செயலி பழகிவிட்டது. அடுத்து தொலைநோக்கி வாங்கலாமா?
- வாசகர், சேலம்

முதலில் பைனாகுலர் வாங்குங்கள். 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருப்பது நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் அதிலேயே தெரியும், கையை எதன் மீதாவது ஊன்றிக்கொண்டால். 1610இல் கலிலியோ கண்டவை அவை. எந்தப் புள்ளி எந்த நிலா என்று செயலியில் வியாழனைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மறுநாள் இடம் மாறியிருக்கும். விருச்சிகத்தின் வாலருகே இருக்கும் இரு விண்மீன் கூட்டங்கள், தெற்கே ஒமேகா சென்டாரி என்ற உருண்டைக் கூட்டம் எல்லாம் சேலத்திலிருந்து அருமையாகத் தெரியும். ஒமேகா சென்டாரி உங்களுக்கு 30 டிகிரி உயரம் வரை வருகிறது. பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். பகலில் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அங்கிருந்து நகராதீர்கள். பார்வை போனால் போனதுதான்.

எங்கே போனால் நல்ல இருட்டு கிடைக்கும்? ஜவ்வாது மலை எப்படி?
- இளைஞர்கள் சிலர், வேலூர்

வெளிச்ச மாசைக் காட்டும் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இருட்டை ஒன்று முதல் ஒன்பது வரை தரம் பிரிக்கும் அளவுகோலை ஜான் போர்ட்டில் 2001இல் வெளியிட்டார். ஒன்று என்றால் முழு இருட்டு, ஒன்பது என்றால் பெருநகரத்தின் நடு. நாலுக்குக் கீழே போனால் பால்வீதி மனம் குளிரத் தெரியும். நகரத்திலிருந்து ஓர் ஐம்பது அறுபது கிலோமீட்டர் விலகினாலே வானம் மாறுவதை உணர்வீர்கள். உங்களுக்கு மலைக்குப் போகத்தான் வேண்டும் என்பது கூட இல்லை, ஏரிக்கரையோ உறவினர் வயலோ போதும்.

ஜவ்வாது மலை அருமையான இடம். இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் அங்கே காவலூரில்தான் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களுக்கான சான்று கிடைத்த இடங்களில் காவலூரும் ஒன்று. பார்வையாளர்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று ஆய்வகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பக்கம் போனால் வண்டியின் முகப்பு விளக்கைத் தேவைக்கு மேல் எரியவிடாதீர்கள், வானத்தை நோக்கி டார்ச் அடிக்காதீர்கள். அங்கே இருட்டுதான் அவர்களுக்கு மூலதனம். காட்டுக்குள் அனுமதியின்றி இரவு தங்கக் கூடாது, காட்டு விலங்குகள் இருக்கும் மலை அது.

மாதம் பார்த்துப் போங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை நமக்கு நல்ல வானம். அமாவாசைக்கு முன்னும் பின்னுமாக நாலைந்து நாட்கள் பொருத்தமானவை. பிப்ரவரியில் ஓரியனும் அகத்தியரும், ஏப்ரல் மாதப் பின்னிரவில் விருச்சிகமும் பால்வீதியின் மையமும். போனை முழுதாக சார்ஜ் செய்து, ஊரின் பெயரைச் செயலியில் பதிந்து, இரவு முறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாய், போர்வை, தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது. நாலு பேராகப் போங்கள். போன் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.